அழுத்திய விசை எங்கே போனது?

மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவியாயிற்று. இணையம் வருகிறது, பாட்டுக் கேட்கிறது, தமிழில் தட்டச்சு செய்யவும் முடிகிறது. இரவில் திரை கண்ணைக் கூசுகிறதே என்று மேல் வரிசையில் சூரியன் படம் போட்ட விசையை அழுத்துகிறீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் ஒலிபெருக்கி படம் போட்ட விசையை அழுத்தினால் சத்தம் ஒழுங்காகக் குறைகிறது. இரண்டும் ஒரே வரிசை, ஒரே பலகை, அழுத்துவதும் அதே விரல்தான். ஒன்று கேட்கிறது, இன்னொன்று ஏன் கேட்கவில்லை?

"விசை கெட்டுப்போச்சு" என்று சிலர் சொல்வார்கள். "லினக்ஸ் போட்டாலே இப்படித்தான்" என்பார்கள் வேறு சிலர். இரண்டையும் உடனே நம்பிவிடாதீர்கள். எது கெட்டிருக்கிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்க முடியும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸாக இருந்தாலும் உபுண்டுவாக இருந்தாலும் உள்ளே வன்பொருளோடு பேசும் மையப் பகுதியான கர்னல், லினக்ஸ் கர்னல்தான். அதனால் இங்கே சொல்வது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் விசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி இழுத்தால் எண்பது கம்பிகளாவது வேண்டும். அதற்குப் பதிலாகக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, அவை சந்திக்கும் இடங்களில் விசைகளை வைக்கிறார்கள். குறுக்கே 8, நெடுக்கே 16 கம்பிகள் போட்டால் 24 கம்பிகளிலேயே 128 சந்திப்புகள் கிடைத்துவிடும். விசையை அழுத்தும்போது அந்தச் சந்திப்பில் இரண்டு கம்பிகளும் இணையும். ஒரு சின்னச் சில்லு கம்பி கம்பியாக மின்துடிப்பு அனுப்பி, எந்தச் சந்திப்பு இணைந்திருக்கிறது என்று நொடிக்குப் பலமுறை சோதித்துக்கொண்டே இருக்கிறது.

அந்தச் சில்லை ஈ.சி. என்பார்கள். அதுவே ஒரு குட்டிக் கணினி. மின்கலத்துக்கு மின்னேற்றுவதையும் விசிறி சுழல்வதையும் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அதுதான். மடிக்கணினியை அணைத்து வைத்திருக்கும்போதும் அது விழித்திருக்கும்.

ஈ.சி.க்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். பழைய ஐ.பி.எம். முறைப்படி ஆங்கில 'ஏ' விசையை அழுத்தினால் 30 என்ற எண் போகும். விரலை எடுத்தால் அதோடு 128 கூட்டி 158 போகும். அழுத்தியதற்கு ஒரு செய்தி, விட்டதற்கு ஒரு செய்தி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த எண்களில் வரலாறும் ஒளிந்திருக்கிறது. லினக்ஸில் எஃப் 1 விசையின் எண் 59. எஃப் 2 என்றால் 60. இப்படியே போனால் எஃப் 10 என்பது 68. அப்படியானால் எஃப் 11 எவ்வளவு? 69 என்றுதானே சொல்வீர்கள்? இல்லை, 87! காரணம் 1981-இல் இருக்கிறது. அந்த ஆண்டு வந்த ஐ.பி.எம். பி.சி.யின் விசைப்பலகையில் மொத்தம் 83 விசைகள். எஃப் விசைகள் பத்துதான், அவையும் மேலே இல்லாமல் இடது ஓரத்தில் இரண்டு வரிசையாக இருந்தன. 1 முதல் 83 வரை எண்கள் நிரம்பிவிட்டன. எஃப் 11, எஃப் 12 இரண்டும் சில ஆண்டுகள் கழித்துத்தான் வந்தன. அதற்குள் 69 வேறு விசைக்குப் போய்விட்டது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியில் லினக்ஸை எழுதத் தொடங்கியபோது அவர் முன்னால் இருந்ததும் இந்த எண்களைப் பேசும் பி.சி.தான். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பலகையின் எண்கள் இன்றும் உங்கள் விரலுக்கடியில் இருக்கின்றன என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் வியப்பு.

வீடு கட்டும் இடத்தில் செங்கல் மேலே போவதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்கள் வரிசையாக நின்று ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாற்றுவார்கள். விசையின் எண்ணும் அப்படித்தான் போகிறது. ஈ.சி. கர்னலிடம் கொடுக்கும். கர்னல் திரையை நடத்தும் மென்பொருளிடம் கொடுக்கும். அது மேசைத்தள மென்பொருளிடம் கொடுக்கும். கடைசியில்தான் 'வெளிச்சத்தைக் குறை' என்ற வேலை நடக்கும். மேலே செங்கல் வந்து சேரவில்லை என்றால் எந்தக் கையில் நழுவியது என்று பார்க்க வேண்டும். பிழை தேடுவது என்றால் இதுதான்.

இப்போது எஃப்.என். விசைக்கு வருவோம். பெரும்பாலான மடிக்கணினிகளில் இந்த விசை ஒன்று இருப்பதே லினக்ஸுக்குத் தெரியாது. ஈ.சி. அதைத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. எஃப் 5-ஐ அழுத்தினால் 63 என்று அனுப்புவதா, வெளிச்சச் செய்தியை அனுப்புவதா என்று அதுவே முடிவெடுத்துவிடும். 'எஃப் 5 அழுத்தினால் இணையப் பக்கம் புதுப்பிக்கவில்லை, வெளிச்சம்தான் மாறுகிறது' என்று சிலர் லினக்ஸைக் குறை சொல்வார்கள். அது குறையே அல்ல, ஈ.சி.யின் அமைப்பு அப்படி இருக்கிறது. பல மடிக்கணினிகளில் எஃப்.என். விசையையும் எஸ்கேப் விசையையும் சேர்த்து அழுத்தினால் மாறிவிடும். இல்லையென்றால் கணினி தொடங்கும்போது, இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் பயாஸ் என்ற மென்பொருளின் பக்கத்துக்குப் போய் மாற்ற வேண்டும்.

ஆப்பிள் விசைப்பலகை இதற்கு விலக்கு. அது எஃப்.என். அழுத்தியதையும் கர்னலிடம் சொல்லிவிடும். அதனால் அங்கே முடிவெடுப்பது லினக்ஸ்தான். 'எஃப்என்மோடு' என்ற அமைப்பில் 1 என்று இருந்தால் ஒலி, வெளிச்சம் முதலில் வரும். 2 என்று மாற்றினால் எஃப் விசைகள் முதலில் வரும். கடையில் வாங்கும் வேறு சில யு.எஸ்.பி. விசைப்பலகைகளும் கணினியிடம் 'நான் ஆப்பிள் விசைப்பலகை' என்று சொல்லிக்கொள்கின்றன. அவற்றில் எஃப் விசைகள் வேலை செய்யவில்லை என்றால் இதே எண்ணை மாற்றினால் போதும்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒலி விசைக்கும் வெளிச்ச விசைக்கும் என்ன வேறுபாடு? பல மடிக்கணினிகளில் ஒலி விசை மற்ற விசைகளைப் போலவே விசைப்பலகை வழியில் எண்ணாகப் போகிறது. வெளிச்ச விசையின் செய்தி வேறு வழியில் போகிறது. அந்த வழிக்கு ஏ.சி.பி.ஐ. என்று பெயர். 1996-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த முறை அது. மின்சாரம், வெப்பம், மூடியைத் திறப்பது, மூடுவது போன்றவற்றைப் பயாஸும் இயங்குதளமும் பேசிக்கொள்வதற்காக வந்தது. ஆகவே ஒரு வழி திறந்திருந்து மற்றது அடைபட்டிருக்கலாம். விசையில் பழுது இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. கட்டளை எதுவும் தட்ட வேண்டாம். திரையின் மூலையிலுள்ள அமைப்புப் பட்டியலைத் திறந்து, வெளிச்சத்துக்கான நகர்த்தியைச் சுட்டியால் இழுத்துப் பாருங்கள். திரை மங்கினால் கடைசிப் பாதி நன்றாக இருக்கிறது, செய்திதான் வழியில் தொலைந்திருக்கிறது. நகர்த்தியை இழுத்தும் மங்கவில்லையா? அப்படியானால் விசை மேல் குற்றமே இல்லை, வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியில்தான் சிக்கல். ஒரே சோதனையில் தேட வேண்டிய இடம் பாதியாகிவிட்டது, பார்த்தீர்களா?

விசைப் பக்கம்தான் சிக்கல் என்றால் 'ஈவ்டெஸ்ட்' என்ற சின்ன மென்பொருள் உதவும். வீட்டுப் பெரியவரையோ ஆசிரியரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தில் அதை ஓட்டுங்கள். நிர்வாகி கடவுச்சொல் கேட்கும். எந்த விசையை அழுத்தினாலும், விட்டாலும் அதன் எண்ணைக் காட்டும். கடவுச்சொல்லைத் தட்டினால் அதையும் காட்டிவிடும் என்பதால், அது ஓடும்போது வேறு எதையும் தட்டச்சு செய்யாதீர்கள். அதில் பல உள்ளீட்டுக் கருவிகள் வரிசையாக இருக்கும். விசைப்பலகை ஒன்று, 'வீடியோ பஸ்' ஒன்று, மடிக்கணினி நிறுவனத்தின் பெயரில் இன்னொன்று. ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து அந்த விசையை அழுத்திப் பாருங்கள். வெளிச்சத்தைக் குறைக்க 224, கூட்ட 225 வர வேண்டும். ஒலியைக் குறைக்க 114, கூட்ட 115.

சில விசைகள் வேடிக்கையானவை. படவீழ்த்தி விசையை ஒரு முறை அழுத்தினால் பல மடிக்கணினிகளில் இரண்டு எண்கள் வரும்: 125, 25. முதலாவது விண்டோஸ் சின்னம் போட்ட விசை, இரண்டாவது 'பி'. விண்டோஸ் 7-இலிருந்து இந்த இரண்டையும் சேர்த்து அழுத்தினால் படவீழ்த்திப் பட்டியல் திறக்கும். அதனால் தயாரிப்பாளர்கள் அந்த விசையை அந்த இரண்டு விசைகளாகவே நடிக்க வைத்துவிட்டார்கள்.

எண் எதுவும் வரவில்லை என்றால் கர்னலின் பதிவேட்டைப் பாருங்கள். 'டிமெசேஜ்' என்ற கட்டளை அதைக் காட்டும். தெரியாத விசையை அழுத்தியிருந்தால் கர்னல் அங்கே எழுதி வைத்திருக்கும்: இன்ன குறியீடு வந்தது, அது எந்த விசை என்று எனக்குத் தெரியவில்லை, தெரியப்படுத்த இன்ன கட்டளையைப் பயன்படுத்துங்கள் என்று. தனக்குத் தெரியாததைச் சொல்லி, கற்றுக்கொடுக்கும் வழியையும் சொல்லித் தரும் மென்பொருளை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இன்னொரு கோளாறு: வெளிச்ச விசையை ஒரு தடவைதான் தொட்டீர்கள், வெளிச்சமோ ஏறிக்கொண்டே போகிறது. அழுத்தியதற்கு ஒன்று, விட்டதற்கு ஒன்று என்று முன்னால் சொன்னேன் அல்லவா? சில ஈ.சி.க்கள் 'அழுத்தினார்' என்ற செய்தியை மட்டும் அனுப்பிவிட்டு 'விட்டார்' என்பதை அனுப்புவதில்லை. நீங்கள் இன்னும் விரலை எடுக்கவில்லை என்று லினக்ஸ் நினைத்துக்கொள்கிறது. இதற்குத் தீர்வு உண்டு. குறிப்பிட்ட மாதிரிக் கணினியின் குறிப்பிட்ட விசைக்கு, 'விட்டார்' என்பதைக் கர்னல் தானே சேர்த்துக்கொள்ளும்படி எழுதி வைக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த கதை மைக்கை நிறுத்தும் விசையுடையது. கர்னலில் அதன் எண் 248. ஈவ்டெஸ்டில் பார்த்தால் எண் சரியாக வந்தது. ஆனால் மைக் நிற்கவில்லை. நழுவியது அடுத்த கையில்: எக்ஸ் என்ற பழைய திரை மென்பொருளில். அதன் பதினோராம் பதிப்பு 1987-இல் வந்தது. விசை எண்ணுக்கு அதில் 8 பிட்கள்தான் ஒதுக்கினார்கள். எட்டு பிட்டில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 255. போதாக்குறைக்கு எக்ஸ் தன் விசைகளை 8-இலிருந்து எண்ணத் தொடங்கும். அதனால் கர்னல் தரும் எண்ணோடு 8-ஐக் கூட்ட வேண்டும். 248-உடன் 8-ஐக் கூட்டிப் பாருங்கள். 256! ஒரே ஒரு எண்ணால் இடம் கிடைக்காமல் போனது. கம்பியில்லாத் தொடர்பை நிறுத்தும் விசையின் எண் 247. கூட்டினால் 255, கடைசி இடம் அதற்குக் கிடைத்துவிட்டது.

லினக்ஸை உருவாக்குபவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எஃப் 20 என்று ஒரு விசைக்கு எண் இருக்கிறது: 190. நம் விசைப்பலகைகளில் எஃப் 20 கிடையாது, எண் மட்டும் சும்மா இருந்தது. மைக் விசை 190 என்று சொல்லட்டும், எஃப் 20 வந்தால் மைக்கை நிறுத்து என்று மேலே எழுதி வைப்போம் என்றார்கள். வேலை நடந்தது. எக்ஸுக்குப் பிறகு வந்த வேலேண்ட் என்ற திரை முறையில் இந்த 255 எல்லை இல்லை.

வெளிச்சப் பகுதியே கேட்காத கதையையும் சொல்ல வேண்டும். ஏ.சி.பி.ஐ. வழியில் பயாஸ் இயங்குதளத்திடம் கேள்விகள் கேட்கும். 'விண்டோஸ் 2009 முறை உனக்குத் தெரியுமா?' என்பது அப்படி ஒன்று. அது விண்டோஸ் 7-ஐக் குறிக்கும். லினக்ஸ் 'தெரியும்' என்று பதில் சொல்கிறது. அந்த முறையில் வேலை செய்ய வரும் என்பதுதான் இதன் பொருள். பல மடிக்கணினிகளை விண்டோஸோடு மட்டுமே சோதித்துப் பார்த்து விற்றார்கள். 'தெரியும்' என்று சொன்னால்தான் சோதித்துப் பார்த்த பாதை திறக்கும். 2012-இல் விண்டோஸ் 8 வந்தது. அதற்குரிய கேள்விக்கும் லினக்ஸ் 'தெரியும்' என்றதும் பல கணினிகளில் வெளிச்சம் மாறாமல் நின்றுவிட்டது. இயங்குதளமே வெளிச்சத்தைக் கவனித்துக்கொள்ளும் என்று பயாஸ் ஒதுங்கிக்கொண்டது. பயாஸ் செய்யும் என்று லினக்ஸ் காத்திருந்தது. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் 'தெரியாது' என்று சொல்லும்படி தொடக்க அமைப்பில் எழுதிப் பலர் சமாளித்தார்கள். பின்னால் கர்னலே வெளிச்சத்தை நேரடியாக மாற்றக் கற்றுக்கொண்டது. கணினி தொடங்கும் அமைப்பில் கை வைக்கும் வேலை இது. காரணம் புரியாமல் யாரோ சொன்னதைப் பார்த்து எழுதிவிடாதீர்கள்.

எந்த மாதிரிக் கணினியில் எந்தக் குறியீட்டுக்கு எந்த விசை என்ற நீண்ட அட்டவணை ஒன்று லினக்ஸோடு வருகிறது. அதிலுள்ள பல வரிகள், தங்கள் கணினியில் விசை ஓடாததைக் கண்டு, எண்ணைக் கண்டுபிடித்து அனுப்பியவர்களுடையவை. உங்கள் கணினி அதில் இல்லையென்றால் நீங்களும் அனுப்பலாம். அனுப்பும்போது மூன்று விவரம் வேண்டும்: அழுத்தும்போது வந்த குறியீடு, விசை மேல் போட்டிருக்கும் படம், கணினியின் சரியான மாதிரிப் பெயர். பெட்டியில் அச்சிட்ட பெயரை எழுதாதீர்கள், அது பல மாதிரிகளுக்குப் பொதுவாக இருக்கும். கர்னலுக்குத் தெரிந்த பெயர் 'சிஸ்' கோப்புறைக்குள் 'கிளாஸ்', அதற்குள் 'டி.எம்.ஐ.', அதற்குள் 'ஐடி' என்ற கோப்புறையில் 'பிராடக்ட் நேம்' என்ற கோப்பில் இருக்கும்.