தடைக்காலத்தில் வரும் கல்லூரிக் கட்டணம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். பிளஸ் டூ முடிவு வருவதும் கல்லூரிச் சேர்க்கை சூடுபிடிப்பதும் அதே நாட்களில்தான். படகில் வரும் பங்குப்பணம் நின்றுபோன வீட்டுக்கு, ‘சீட்டும் வாங்கித் தர்றேன், லோனும் முடிச்சுத் தர்றேன்’ என்று வரும் அட்மிஷன் புரோக்கர் பெரிய துணையாகத் தெரிவார். அவருக்கான முன்பணத்துக்கே நகை அடகுக்கடைக்குப் போய்விடும்.

அவர் பெரும்பாலும் காட்டுவது மேனேஜ்மென்ட் கோட்டா. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையோ ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் சேர்பவருக்கு மட்டும்தான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அதுவும் கலந்தாய்வில்தான். புரோக்கரை நம்பிய பிள்ளை இரண்டையும் இழக்கிறது. இதை அவர் சொல்ல மாட்டார்.

கடலோர ஊர்களில் பல பிள்ளைகள் படிப்பது திருச்சபை நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகளில். அவர்களுக்கு 7.5 சதவீதம் பொருந்தாது. ஆனால் அங்கே தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. இந்த விரிவாக்கம் தொடங்கப்பட்டதே தூத்துக்குடியில்தான், 2024 டிசம்பர் 30 அன்று.

கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்வது குற்றமில்லை. ரசீது தருகிறாரா என்று பாருங்கள். சீட் உறுதி என்பவரிடமும், கலந்தாய்வுக் கணக்கின் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் கேட்பவரிடமும் போகவே வேண்டாம். அசல் சான்றிதழைக் கையைவிட்டு விடாதீர்கள். கல்லூரியே ஆனாலும் சரிபார்த்தபின் அசலைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கை. சேர்க்கையின் கடைசி நாளுக்குக் குறைந்தது 15 நாள் முன்னதாக விலகினால், சிறு நடைமுறைக் கட்டணம் போக முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

கல்விக் கடனுக்கு இடைத்தரகரே தேவையில்லை. வித்யாலட்சுமி இணையதளத்தில் மாணவரே விண்ணப்பிக்கலாம். வங்கிகளின் மாதிரித் திட்டப்படி ஏழரை லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை வேண்டாம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை என்றாலும், வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். கையெழுத்துப் போடும் முன் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று மேலாளரிடம் கணக்குப் போட்டு வாங்கிவிடுங்கள்.

‘உங்க ஊரு எங்க கிளைக்குள்ள வராது’ என்று விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. விவரம் கேட்க 14448.

புரோக்கரிடம் ஏமாந்தவர் ரசீதையும் பணம் அனுப்பிய பதிவையும் பத்திரப்படுத்தி, இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நேரிலேயே வாதாடலாம்.