இருக்கும் வேலையும் வரப்போகும் வேலையும்

இடுக்கி, பாலக்காடு எல்லையில் வாழும் தமிழ் இளைஞர்களுக்கு நேர்முகத் தேர்வு என்பது அரை மணி நேரக் கேள்வி பதில் அல்ல. போய்வரும் அந்த ஒரு நாளை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் முதல் கேள்வி.

கடிதம் சுருக்கமாகத்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு, அசல் சான்றிதழ்களுடன், எர்ணாகுளம் அலுவலகத்துக்கு வரவும். அனுப்பியவருக்கு அது நாட்குறிப்பில் ஒரு வரி. மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அதைப் பிரித்துப் படிக்கும் பட்டதாரிப் பெண்ணுக்கோ மூன்று தனித்தனிக் கணக்குகள்.

முதல் கணக்கு சாலை. மூணாறிலிருந்து எர்ணாகுளம் சுமார் 130 கி.மீ. ரயில் கிடையாது. எஸ்டேட்டிலிருந்து மூணாறு டவுனுக்கு வரவே ஜீப் பிடிக்க வேண்டும். பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் நடுநிசி தாண்டியதுமே கிளம்ப வேண்டும், அல்லது முதல் நாளே இறங்கி யார் வீட்டிலாவது தங்க வேண்டும். இரண்டாவது கணக்கு கூலி. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. மூன்றாவதுதான் மிகவும் சங்கடமானது. லீவு கேட்கும்போது என்ன காரணம் சொல்வது?

நகரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் இந்த மூன்றாவது கணக்கு பழக்கமானதுதான். வேறு வேலை தேடுகிறோம் என்று தெரிந்தால் இருக்கும் வேலைக்கு ஆபத்து. சொல்லாமல் போனால் அது பொய். அதனால்தான் இந்தியாவின் அலுவலகங்களில் தாத்தாக்கள் இத்தனை முறை இறந்துபோகிறார்கள். ஆனால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஒரு லயத்தில் தாத்தாவை இரண்டாம் முறை சாகடிக்க முடியாது.

கூலியின் விலை

தோட்டத்தில் ஒரு நாளின் விலையைப் புரிந்துகொள்ள 2015-ஐத் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பரில் மூணாறின் பெண் தொழிலாளர்கள், தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கி வைத்துவிட்டு 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அப்போது நாள் கூலி ரூ. 232. 20 சதவீத போனஸ் என்ற கோரிக்கையில் வென்ற பிறகு, கூலி உயர்வுக்கான போராட்டம் தொடர்ந்தது. முடிவில் கிடைத்தது ரூ. 301. கூடவே ஒரு நாளில் பறிக்க வேண்டிய அடிப்படைக் கொழுந்தின் அளவும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக ஏறியது. அதற்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனித் தொகை உண்டு.

கூலி அதன் பிறகு உயர்ந்திருக்கிறது. ஆனால் அது கணக்கிடப்படும் விதம் மாறவில்லை. கொழுந்து நிறைந்த மாதத்தில் ஒரு நாள் வராமல் போனால் அன்றைய கூலியோடு அந்தக் கூடுதல் கிலோக்களும் போகும். பஸ் கட்டணம், சாப்பாடு, தங்கும் செலவு தனி. வேலை கிடைக்குமா என்று தெரியாத ஒரு தேர்வுக்கு இவ்வளவும் முன்பணம்.

சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பளத்துடன் விடுப்பு தந்தது. 2025 நவம்பர் 21-ல் மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அதே விகிதத்தை வைத்திருக்கிறது. அதாவது ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள். அதற்குள்தான் கல்யாணம், காய்ச்சல், குலதெய்வக் கோயில், பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் அடங்க வேண்டும். நேர்முகத் தேர்வு அந்த வரிசையில் கடைசியாக நிற்கிறது.

இதற்கெல்லாம் மேலே வீடு இருக்கிறது. லயத்து வீடு நிறுவனத்துடையது. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்துப் பதிவேட்டில் இருக்கும்வரைதான் அதில் இருக்கலாம். பெற்றோர் ஓய்வு பெறும் வயதில் படித்த மகனோ மகளோ கூடையைத் தோளில் மாட்டுவதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். அப்படிப்பட்டவர் வெளி வேலைக்கான தேர்வுக்குப் போகும்போது பணயம் வைப்பது ஒரு நாள் கூலியை மட்டுமல்ல. 'இவள் போகப் போகிறாள்' என்ற பேச்சு கிளம்பினாலே வீட்டில் கவலை தொடங்கிவிடும்.

இரண்டு பக்கமும் இறக்கம்

1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது, தமிழர்கள் நிறைந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு நின்றன. 1972-ல் உருவான இடுக்கி மாவட்டத்துக்குள் அவை வந்தன. அரசியல் பழங்கதையாகிவிட்டது. ஆனால் வேலை தேடுபவருக்கு அதன் விளைவு இன்றும் உண்டு. அரசு வேலைக்கான பாதை மேற்கே மலையாளச் சமவெளிக்கு இறங்குகிறது. தனியார் வேலைக்கான பாதை பெரும்பாலும் கிழக்கே தேனி, மதுரைக்கும், வடக்கே உடுமலை வழியாகக் கோவை, திருப்பூருக்கும் இறங்குகிறது.

கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் இடுக்கி மாவட்ட அலுவலகம் கட்டப்பனையில் இருக்கிறது. தலைமையகம் திருவனந்தபுரம். மூணாறிலிருந்து ஏறத்தாழ 280 கி.மீ. விண்ணப்பித்தவர் தேர்வு எழுதப்போவதாக இணையத்தில் முன்கூட்டியே உறுதி சொல்ல வேண்டும் என்ற விதி 2018 முதல் இருக்கிறது. குறித்த நாளுக்குள் சொல்லாவிட்டால் விண்ணப்பமே செல்லாது. கொழுந்துக் காட்டில் நிற்பவர் அந்தத் தேதியைத் தவறவிடுவது எளிது.

சான்றிதழ்களுக்கும் நாட்கள் வேண்டும். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள் கேரளத்தில் சான்று பெற, 1950 ஆகஸ்ட் 10-ல் வெளியான குடியரசுத் தலைவர் ஆணைக்கு முன்பே தங்கள் குடும்பம் இந்த மண்ணில் இருந்ததைக் காட்ட வேண்டியிருக்கிறது. தாத்தா, பாட்டி காலத்துத் தோட்டப் பதிவேட்டைத் தேடி அலைவது இதனால்தான். நேர்முகத் தேர்வுக்கு ஒரு நாள் என்றால், அதற்கான காகிதத்துக்கு மூன்று நாள்.

கிழக்கேயும் இதே ஓட்டம், எதிர்த் திசையில். தேனி மாவட்டத்து ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கிக்குள் போய், மாலையில் திரும்புகிறார்கள். ஜீப்பில் ஓர் இடம் காலியாக இருந்தால் மறுநாள் அதில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். 2023 ஜூனில் போடிநாயக்கனூருக்கு அகல ரயில் பாதை வந்து சென்னை ரயிலும் ஓடத் தொடங்கியது இந்தப் பகுதிக்குப் பெரிய உதவி. ஆனால் வாரத்தின் எல்லா நாளும் ஓடாத ரயிலைக் கொண்டு தேர்வுத் தேதியைப் பிடிக்க, தேதியும் ஒத்துழைக்க வேண்டும்.

மழை எதற்கும் ஒத்துழைப்பதில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியவாரைப் பாலம் உடைந்தபோது மூணாறிலிருந்து மறையூருக்கும் உடுமலைக்கும் போகும் வழி அறுந்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான தேதிகளை ஒப்புக்கொள்ளும்போது மலைக்காரர்கள் ஒரு நாள் கூடுதலாகவே ஒதுக்குகிறார்கள்.

கணவாயின் கதை

பாலக்காட்டில் மலை இல்லை, கணவாய்தான். அதனால் கதை சற்று எளிதாகிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை பகுதித் தமிழர்களுக்கு வேலந்தாவளத்தையோ வாளையாரையோ தாண்டினால் கோவை. பாலக்காட்டிலிருந்து 50 கி.மீ. அளவில்தான். சீசன் டிக்கெட்டில் தினமும் போய்வருபவர்கள் ஏராளம். கோவையில் வேலை பார்ப்பவர் கோவையிலேயே இன்னொரு வேலைக்குத் தேர்வு கொடுக்க அரை நாள் போதும்.

ஆனால் இங்கேயும் விதிவிலக்கு உண்டு. பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது. அங்கிருந்து சொந்த ஊராட்சி அலுவலகத்துக்கு வாகனத்தில் போக, தமிழ்நாட்டுக்குள் இறங்கி, சேத்துமடை வழியாகச் சுற்றித்தான் மீண்டும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். ஒரு சான்றிதழ் வாங்க மாநில எல்லையை இரண்டு முறை கடக்கும் இளைஞரிடம் 'நாளைக் காலை வாருங்கள்' என்று சொல்வதில் அர்த்தமில்லை.

கோவைக் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, நியாயமான எந்தக் காரணத்துக்கும் ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் தற்செயல் விடுப்பு எடுக்கலாம் என்கிறது. நோய்க்கான விடுப்பு வேறு. 'சொந்த வேலை' என்று எழுதிக் கேட்பதில் பொய்யும் இல்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

கேட்டால் என்ன?

நேர்முகத் தேர்வுத் தேதியைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதுதான் நம் ஊர் வழக்கம். அரசுத் தேர்வுகளில் அது பெரும்பாலும் உண்மை. தனியார் நிறுவனங்களில் அப்படி இல்லை. ஆள் தேடுபவர்களுக்கு, வேலையில் இருக்கும் ஆள் என்றால் கூடுதல் மதிப்பு. அவர் தன் இப்போதைய பொறுப்பை மதிக்கிறார் என்பது நாளை தங்களுக்கும் நல்லது என்று அவர்களுக்குத் தெரியும். கேட்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

'அன்று முடியாது' என்பதைவிட, 'வியாழன் அல்லது சனிக்கிழமை வர முடியும், எது வசதி?' என்பது நல்ல பதில். மூணாறிலிருந்து வருபவர் பத்து மணிக்குப் பதில் மதியம் ஒரு மணி கேட்டால் ஓர் இரவுத் தங்கல் மிச்சம். மொத்தம் எத்தனை சுற்று, எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க முடியுமா என்று முதல் போனிலேயே கேட்டுவிட வேண்டும். மூன்று சுற்றுக்கு மூன்று முறை மலை இறங்கினால், வேலை கிடைப்பதற்குள் சம்பளம் தீர்ந்துவிடும். இப்போதைய நிறுவனத்தை என் சம்மதமில்லாமல் தொடர்பு கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதும் முறைதான். நியமன உத்தரவு கைக்கு வருமுன் இருக்கும் வேலையை விடக்கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை. லயத்து வீட்டுக்காரர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

முதல் சுற்றை வீடியோவில் வைக்கும் வழக்கம் 2020-க்குப் பிறகு பரவியது. மலைக்கு இது வரப்பிரசாதம்தான், சிக்னல் இருக்கும் இடத்தில். கோவிட் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் இணைய வகுப்புக்காக மேடு தேடி நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். எனவே வீடியோ தேர்வு என்றால் ஒரு நாள் முன்பே இடத்தைச் சோதித்துப் பார்ப்பதும், இணைப்பு அறுந்தால் சாதாரணப் போனில் தொடரலாமா என்று கேட்டு வைப்பதும் புத்திசாலித்தனம்.

அழைப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. மத்திய அரசு 2016 ஜனவரி முதல் குரூப் சி, கெஜட் அந்தஸ்து இல்லாத குரூப் பி பணிகளுக்கு நேர்முகத் தேர்வையே நீக்கியது. ஊழலைக் குறைக்க என்று சொல்லப்பட்ட அந்த முடிவு, தொலைவில் இருப்பவர்களுக்கு ஒரு முழுப் பயணத்தையும் மிச்சப்படுத்தியது. நீக்க முடியாதவர்கள் தள்ளிவைக்கவாவது முடியும். பத்து நாள் முன்னறிவிப்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியத்துக்குப் பிறகு ஒரு நேரம், இவை எதற்கும் நிறுவனத்துக்குப் பெரிய செலவில்லை.

அழைப்புக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்தால் போதும். 'இந்தத் தேதி ஒத்துவராவிட்டால் இந்த எண்ணில் தெரிவிக்கவும்.' அச்சிடுபவருக்கு அது ஒரு வரி மை. மூணாறில் அதன் மதிப்பு ஒரு நாள் கூலி.