குட்டை மீன் செத்தால் மருந்துக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

கொல்லைப்புறத்திலோ வயலோரத்திலோ ஐந்து, பத்து சென்ட் பரப்பில் குட்டை வெட்டி மீன் வளர்க்கும் விவசாயிகள், ஐப்பசி தொடங்கித் தை முடியும் வரை அதிகமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மீன் செத்து மிதக்கிறது, என்ன மருந்து ஊற்றலாம்?" என்பதே அது. மருந்தின் பெயரைச் சொல்லுமுன் நாம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எந்த நேரத்தில் செத்தது? பெரிய மீனா, சிறிய மீனா? ஒரே நாளில் எல்லாமா, தினம் ஒன்றிரண்டா? இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. சிறு குட்டைகளில் பெரும்பாலும் நோயாளி மீன் அல்ல, தண்ணீரே.

விடியற்காலையில், சூரியன் எழுமுன் குட்டைக் கரைக்குச் சென்று பாருங்கள். மீன்கள் கூட்டமாக மேல்மட்டத்துக்கு வந்து, வாயை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டித் திறந்து திறந்து மூடினால் அது மூச்சுத் திணறல். கட்லாவும் வெள்ளிக்கெண்டையும் முதலில் மேலே வரும். சாவதிலும் பெரிய மீன்களே முந்தும், குஞ்சுகள் தப்பிக்கும். அதே குட்டையில் விராலும் கெளுத்தியும் இருந்தால் அவை சுகமாகத் திரியும். வெளிக் காற்றையும் சுவாசிக்க வல்லவை அவை. வெயில் ஏறி எட்டு, ஒன்பது மணியானதும் மற்ற மீன்களும் உள்ளே இறங்கிவிடும். இந்த அடையாளங்கள் இருந்தால் எந்த மருந்தும் வேண்டாம். தண்ணீரில் பிராணவாயு இல்லை என்பதே பொருள்.

பகலில் தண்ணீரில் உள்ள பச்சைப் பாசி நுண்ணுயிர்கள் வெயிலைக் கொண்டு பிராணவாயுவை உண்டாக்குகின்றன. இரவில் அவையும் மீனைப் போலவே அதைச் செலவழிக்கின்றன. அடியில் மக்கும் சாணமும் தின்னாமல் விட்ட தவிடு, பிண்ணாக்கும் தம் பங்குக்கு இழுத்துக் கொள்கின்றன. ஆகவே விடியும் நேரத்தில் இருப்பு மிகக் குறைவு. அடைமழைக் காலத்தில் இரண்டு மூன்று நாள் வெயில் முகமே தெரியாவிட்டால் வரவு நின்று செலவு மட்டும் தொடரும். கோடையில் திடீரென்று பெய்யும் குளிர்ந்த மழையும் ஆபத்தானதே. குளிர்ந்த நீர் கீழே இறங்க, அடியில் கெட்டுக் கிடந்த நீர் மேலே புரண்டு வரும்.

இந்நிலையில் உடனே செய்ய வேண்டியது தண்ணீரைக் காற்றோடு கலப்பதுதான். மோட்டாரோ என்ஜினோ இருந்தால் குட்டை நீரையே இறைத்து, உயரத்திலிருந்து சிதறி விழும்படி திரும்ப விடலாம். இல்லாவிட்டால் மூங்கில் கழியால் அடித்துக் கலக்கலாம். அடிச்சேற்றைக் கிளறிவிடாமல் மேல் நீரை மட்டும் அடிக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாய் வழியே நேரே குட்டைக்குள் விடுவோர் பலர். பூமிக்கடியிலிருந்து வரும் நீரில் பிராணவாயு மிகக் குறைவு என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். அதையும் ஒரு பலகை மீதோ கல் மீதோ விழச் செய்து, தெறித்து ஓட விட வேண்டும். அன்றைக்குத் தீவனம் கிடையாது. வானம் தெளியும் வரை சாணம் அறவே கூடாது.

சாணம் மிகுந்துவிட்டதா என்று அறிய நம் கையே கருவி. கரையில் நின்று, விரல்களை மடக்கி உள்ளங்கை மேலே தெரியும்படி கையை மெதுவாக நீரில் இறக்குங்கள். முழங்கை நனையும் அளவில் உள்ளங்கை கண்ணுக்கு மறைந்தால் தண்ணீர் சரியான பதத்தில் உள்ளது. முன்கை பாதி நனையும் முன்பே மறைந்தால் நீர் மிகப் பச்சையாகிவிட்டது. சாணத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் நீரை மாற்ற வேண்டும். முழங்கைக்கு மேலும் தெளிவாகத் தெரிந்தால்தான் சாணத்துக்கு இடமுண்டு.

நேரம் காலம் பாராமல், நடுப்பகலிலும் சிறிய மீன், பெரிய மீன், தவளைக்குஞ்சு எல்லாம் ஒருசேரச் செத்தால் விஷத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடித்த பிறகு மழை பெய்ததா, தெளிப்பானை யாராவது குட்டையில் கழுவினார்களா என்று விசாரியுங்கள். வயல் வடிகால் குட்டைக்குள் விழாதபடி ஒரு சிறு வரப்பு போட்டு வைப்பது, பின்னால் வாங்கும் எந்த மருந்தையும்விட மலிவு.

உண்மையான நோயின் அடையாளங்கள்

நோய் என்றால் சாவு மெல்லத் தொடங்கும். இன்று ஒன்று, நாளை மூன்று என்று ஏறும். பெரும்பாலும் ஏதேனும் ஓரினத்தில் முதலில் தலைகாட்டும். தீவனம் போட்டால் வராமல் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் மீனை வீச்சுவலையால் பிடித்து, உடல், துடுப்பு, செவுள் மூன்றையும் பாருங்கள். நல்ல செவுள் இரத்தச் சிவப்பாக இருக்கும். வெளுத்தும் சளி படிந்தும் இருந்தால் ஒட்டுண்ணியாக இருக்கலாம். திட்டுத் திட்டாக அழுகியிருந்தால் பூசணம். காப்பிக் கொட்டை போலப் பழுப்பேறியிருந்தால் அதுவும் தண்ணீர்க் கோளாறே. தீவனக் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரைட் இரத்தத்தைக் கெடுத்துவிட்டது என்று அறியலாம்.

மழைக்காலத்துக்குப் பின் நம்மை அதிகம் வாட்டுவது தொற்றுப் புண் நோய். 1988-ல் வடகிழக்கு மாநிலங்களின் வழியாக நம் நாட்டில் நுழைந்து, சில ஆண்டுகளில் தென்னகம் வரை பரவிய நோய் இது. முதலில் உடலில் செம்புள்ளி தோன்றும். பின் அது குழிந்த புண்ணாகி, முற்றினால் எலும்பு தெரியும் அளவுக்கு அரிக்கும். அபனோமைசிஸ் என்ற பூசண வகைக் கிருமி மூல காரணம். பாக்டீரியாக்கள் பின்னால் வந்து சேர்ந்து புண்ணை ஆழமாக்குகின்றன. மூச்சுத் திணறலில் தப்பிய விராலும் கெளுத்தியும் இதில்தான் முதலில் விழும். பிறகு மிருகால், ரோகு, கட்லா. சாதாக்கெண்டையும் திலேப்பியாவும் பெரும்பாலும் தாங்கிக் கொள்ளும். ஆகவே வாய்க்காலில் திரியும் விராலிலோ கெண்டைப்பொடியிலோ புண் கண்டால், அந்த வாய்க்கால் நீரைக் குட்டைக்குள் விடுவதை அன்றே நிறுத்த வேண்டும்.

இதற்குச் சுண்ணாம்பே முதல் காவல். மழைநீர் சேர்ந்து அமிலத்தன்மை ஏறிய குட்டையில் இந்நோய் எளிதில் பற்றும். சென்ட் ஒன்றுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை சுண்ணாம்பை நீரில் கரைத்து, ஆறவிட்டு, காலை வேளையில் பரவலாகத் தெளிக்கலாம். இரண்டு தவணையாகப் பிரித்து இடுவது இன்னும் நல்லது. பிஎச் காகிதத்தில் எட்டரைக்கு மேல் காட்டும் கரும்பச்சைக் குட்டையில் சுண்ணாம்பு கூடாது. அங்கே தேங்கியுள்ள அம்மோனியா, சுண்ணாம்பு பட்டதும் கடும் விஷமாக மாறும். புண் பரவிவிட்டால், புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த 'சிபாக்ஸ்' என்ற மருந்து உண்டு. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேருக்கு 1 லிட்டர் என்பது அளவு. ஐந்து சென்ட் குட்டைக்கு 20 மில்லி போதும். அதை ஒரு வாளி நீரில் கலந்து தெளிக்க வேண்டும்.

மீன்கள் துள்ளிக் குதித்தும், நட்ட கழிகளில் உடலைத் தேய்த்தும் திரிந்தால் மீன் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். செதில் போலத் தட்டையாக, கண்ணாடி போன்ற உடலுடன் ஒட்டியிருக்கும். விரலால் தள்ளினால் நகரும். இதற்கு வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் குத்துமதிப்பாக ஊற்றும் வழக்கம் பரவி வருகிறது. இதை வன்மையாகக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. பேனைக் கொல்லும் அளவுக்கும் மீனைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. மீனின் இயற்கை உணவான நுண்ணுயிர்களும் சேர்ந்தே சாகும். மருந்து தேவைதானா, எவ்வளவு என்பதை மீன்வளத் துறை அலுவலரே நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். நாமே செய்யக்கூடியது ஒன்றுண்டு. பேன் தன் முட்டைகளைக் கடினமான பொருள்களின் மீதுதான் வரிசையாக ஒட்டும். குட்டையில் நாலைந்து மூங்கில் கழிகளை நட்டு, வாரம் ஒருமுறை பிடுங்கி, நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்து மீண்டும் நடுங்கள். முட்டைகள் பொரிக்குமுன் கருகிப் போகும். செலவு ஏதுமில்லை, பொறுமை மட்டும் வேண்டும்.

நூல் துண்டு போல உடலில் தொங்குவது நங்கூரப் புழு. அதன் தலை சதைக்குள் நங்கூரம் போலப் புதைந்திருக்கும். பிடித்து இழுத்தால் தலை உள்ளே தங்கிப் புண்ணாகும். வயிறு ஊதி, செதில்கள் அன்னாசிப் பழத்தோல் போல நிமிர்ந்து நிற்கும் மீன் பிழைப்பது அரிது. அதை எடுத்துச் சுண்ணாம்பு தூவிக் குழியில் புதைத்துவிடுவதே மற்ற மீன்களுக்குச் செய்யும் உபகாரம். கோழிக்கு வாங்கிய ஆன்டிபயாடிக்கைத் தவிட்டில் கலந்து போடுவது தவறு. நோயுற்ற மீன் தீவனமே தின்னாது. மருந்து நல்ல மீனுக்கும் சேற்றுக்கும்தான் போகும். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் வகைகள் உணவு மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. அலங்கார மீன்காரர்கள் சொல்லும் மாலகைட் பச்சைச் சாயமும் அப்படியே.

அளவு தெரியாமல் மருந்தில்லை

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை ஒரு கைப்பிடி அள்ளி வீசுபவர்களைப் பார்க்கிறோம். கைப்பிடி ஓர் அளவல்ல. குட்டையின் நீளம், அகலம் இரண்டையும் மீட்டரில் அளந்து கொள்ளுங்கள். ஆழத்தை ஐந்து இடத்தில் கழி விட்டு அளந்து சராசரி காணுங்கள். மூன்றையும் பெருக்கினால் கன மீட்டர் கிடைக்கும். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சராசரி 1 மீட்டர் ஆழமுள்ள குட்டை உத்தேசமாக ஐந்து சென்ட். அதில் 200 கன மீட்டர், அதாவது இரண்டு லட்சம் லிட்டர் நீர் உண்டு. பாக்டீரியாவால் வாலும் துடுப்பும் அழுகும்போது கன மீட்டருக்கு 2 கிராம் என்ற கணக்கில் இக்குட்டைக்கு 400 கிராம் பெர்மாங்கனேட் வேண்டும். நன்கு கரைத்து, வெயிலுள்ள நாளின் காலையில் தெளிக்க வேண்டும். மீன் மூச்சுத் திணறும் நாளில் இதை இடவே கூடாது. பாசியைக் கொன்று பிராணவாயுவை மேலும் குறைத்துவிடும். இந்தக் கணக்கை வீட்டுச் சுவரில் எழுதி வைத்துக் கொண்டால் மழைக்கும் கோடைக்கும் ஆழம் மட்டும் மாற்றிப் பார்த்தால் போதும்.

நோய் பெரும்பாலும் குஞ்சுகளோடுதான் குட்டைக்குள் வருகிறது. வாங்கி வந்த விரலிகளை லிட்டருக்கு 20 முதல் 30 கிராம் கல்லுப்பு கரைத்த நீரில் ஒன்றிரண்டு நிமிடம் முக்கி எடுத்து விடுங்கள். பக்கவாட்டில் சாய்ந்தால் அந்தக் கணமே நல்ல நீருக்கு மாற்ற வேண்டும். சென்டுக்கு 20 முதல் 40 விரலிக்கு மேல் விடுவது பேராசை. பக்கத்துக் குட்டையில் இழுத்த வலையை வெயிலில் உலர்த்தாமல் நம் குட்டையில் இறக்குவதும் வேண்டாம்.

புண் பிடித்த மீனைத் தின்னலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பூசணம் மனிதரைத் தொற்றுவதில்லை. ஆனால் புண்ணில் குடியேறும் பாக்டீரியாக்களை அப்படிச் சொல்ல முடியாது. புண் உள்ள மீனை உண்ணவும் விற்கவும் வேண்டாம். கையில் வெட்டுக்காயம் உள்ளவர் அதைத் தொடவும் வேண்டாம்.

எதுவும் பிடிபடாவிட்டால் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலும் ஆலோசனை பெறலாம். போகும்போது செத்து நாறிய மீனைக் கொண்டு போவதில் பயனில்லை. செத்த சில மணி நேரத்தில் வேறு கிருமிகள் புகுந்து உண்மை நோயை மறைத்துவிடும். நோய்க்குறி உள்ள உயிர் மீன் இரண்டு மூன்றைக் குட்டை நீரோடு, பாதிக்கு மேல் காற்று நிரப்பிக் கட்டிய பாலிதீன் பையில் எடுத்துச் செல்லுங்கள். தனியாக ஒரு சுத்தமான பாட்டிலில் குட்டை நீரும் வேண்டும். எத்தனை மீன் விட்டீர்கள், எந்தத் தேதியிலிருந்து எத்தனை செத்தன, கடைசியாகச் சாணமும் சுண்ணாம்பும் எப்போது இட்டீர்கள் என்பதை ஒரு தாளில் குறித்துக் கொண்டு போனால் அன்றைக்கே பதில் சொல்வது அவர்களுக்கும் எளிது.