தாமிரம் மெல்லக் கரையட்டும்

தீக்குச்சி நீளம்கூட இல்லை. 36 மில்லிமீட்டர் உயரம், 32 மில்லிமீட்டர் அகலம். பிளாஸ்டிக் தண்டில் நெருக்கமாகச் சுற்றிய தாமிரக் கம்பி, இரு கைகளிலும் தாமிர உறை. கருப்பையில் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி 380ஏ இதுதான். பெயரில் உள்ள எண், தாமிரத்தின் பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் சொல்கிறது.

1960களின் இறுதியில் சிலி நாட்டு மருத்துவர் ஹைமே சிப்பர், முயல்களின் கருப்பையில் தாமிரக் கம்பி வைத்தால் கரு தங்குவது வெகுவாகக் குறைவதைக் கண்டார். அமெரிக்க மருத்துவர் ஹோவர்ட் டேட்டம் வடிவமைத்த 'டி' சட்டத்தில் அந்தக் கம்பி ஏறியது.

கருப்பைத் திரவம் தாமிரத்தை அரிக்கிறது. பிரியும் அயனிகள் விந்தணுவை முடக்குகின்றன. 100 பெண்களில் ஒருவருக்கும் குறைவாகவே முதல் ஆண்டில் கரு தங்கும். சிக்கலும் அதே அயனிகளிடம்தான். புதுக்கம்பி முதல் சில மாதங்களில் தேவைக்கு மேல் கரைகிறது. சட்டமும் உள்சுவரை உறுத்துகிறது. அதிக உதிரப்போக்கு, அடிவயிற்று வலி. தாங்க முடியாமல் எடுத்துவிடுபவர்கள் பலர். “போகப் போகச் சரியாகிவிடும்” என்று சொல்லி அனுப்புவது அவர்களுக்குப் போதவே போதாது.

சீனாவில் வூகான் நகர ஆய்வாளர்கள் தாமிரத்தை நுண்துகளாக்கிப் பாலிஎத்திலீனில் கலந்தார்கள். ஈரம் மெதுவாக ஊறுவதால் அயனி ஆரம்பத்தில் கொட்டாமல் சீராகக் கசிகிறது. அந்நாட்டில் இண்டோமெத்தாசின் என்ற வலிநிவாரணி சேர்த்த சாதனங்களும் புழக்கத்தில் உள்ளன. அவை உதிரப்போக்கைக் குறைக்கின்றன. நோவா டி என்ற சாதனத்தில், அரித்த கம்பி துண்டாகாமலிருக்க நடுவில் வெள்ளி இழை ஓடுகிறது.

தாமிரத்தை மட்டும் கவனித்தால் போதாது என்பதற்கு 1970களின் டால்கன் ஷீல்டு என்ற கருத்தடைச் சாதனம் சாட்சி. அதன் வால்நூல் பல இழைகளால் ஆனது. அந்த இழைகளின் இடுக்குவழியே கிருமிகள் மேலேறின. கடும் தொற்றால் பல பெண்கள் அவதிப்பட்டார்கள், சிலர் இறந்தார்கள். இன்றைய காப்பர் டியின் வால்நூல் ஒற்றை இழை.

அளவும் முக்கியம். பிள்ளை பெறாத பல பெண்களின் கருப்பைக் குழி 32 மில்லிமீட்டர் சட்டத்துக்கு ஒடுக்கம். பெல்ஜியத்தில் உருவான கைனிஃபிக்ஸில் சட்டமே இல்லை: ஒரு நூலில் கோத்த சிறு தாமிரக் குழல்கள், நூலின் முடிச்சு கருப்பைத் தசையில் ஊன்றி நிற்கும். 2025 பிப்ரவரியில் அமெரிக்கா அனுமதித்த மியுடெல்லாவின் சட்டம் நிக்கல்-டைட்டானியக் கலவை. கருப்பைக்கு ஏற்ப வளையும். தாமிரம் 380ஏ-யில் இருப்பதில் பாதிகூட இல்லை. ஆனால் 380ஏ 10 ஆண்டு உழைக்கும். மியுடெல்லாவுக்குக் கிடைத்திருப்பது 3 ஆண்டு அனுமதிதான்.