உஷார்! தவணை நாளில் வாசலுக்கு வருகிற புரோக்கர்

பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, இடைப்பாடி பக்கம் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கிறவர்களே, குழு லோன் வாங்கியிருக்கும் பெண்களே, இதை ஐந்து நிமிடம் நின்று படியுங்கள். தவணை கட்ட வழியில்லாமல் நீங்கள் தவித்து நிற்கிற நாளில் ஒருவர் வருவார். அவர் முன்பின் தெரியாத ஆளாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தெருக்காரராக இருக்கலாம். ஏற்கெனவே கிட்னி கொடுத்துவிட்டு, இப்போது ஆள் பிடித்துக் கொடுக்கிறவராகவும் இருக்கலாம்.

“ஏனுங்க்கா, இந்தக் கடனுக்கா இப்படி அழுவறீங்க? ஒரு கிட்னி இருந்தாப் போதுமுங்க. நாலு நாளு ஆஸ்பத்திரி, அப்புறம் பழையபடி தறிக்குப் போலாம். ஆதாரும் ரேசன் கார்டும் மட்டும் குடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்.”

இதுதான் பேச்சு. இந்தப் பேச்சில் விழுந்தவர்களின் கதைதான் 2025 ஜூலையில் பள்ளிபாளையத்தில் வெளியே வந்தது. கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களைப் புரோக்கர்கள் தேடிப் பிடித்து, வெளியூர் தனியார் மருத்துவமனைகளுக்குக் கூட்டிப் போய்ச் சிறுநீரகத்தை எடுக்க வைத்திருந்தார்கள். அரசு விசாரணைக் குழு அமைத்தது. இரண்டு மருத்துவமனைகளின் சிறுநீரக மாற்று அறுவை உரிமம் போனது. ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தென்மண்டல ஐ.ஜி. பிரேம் ஆனந்த் சின்ஹா தலைமையில் சிறப்புப் புலனாய்வுக் குழுவை நியமித்தது. அதை எதிர்த்து மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது, அங்கும் அந்த மனு நிற்கவில்லை. அக்டோபரில் அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் ‘கிட்னிகள் ஜாக்கிரதை’ என்ற பேட்ஜோடு சட்டமன்றத்துக்குள் வந்தார்கள். இரண்டு நாள் டி.வி.யில் அதுதான் ஓடியது. வயிற்றில் தழும்போடு தறிக்கு முன்னால் நிற்கிற பெண்ணின் கடன் அதனால் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

டீக்கடைகளில் நான் கேட்கிற பேச்சு வேறு. “பணத்துக்கு ஆசப்பட்டு வித்துட்டு, இப்ப ஏமாத்திட்டாங்கன்னு அழுதா என்ன அர்த்தம்?” என்கிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கிறது. அது ஆசையா? தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கியாகிவிட்டது, அதனால் வேறு பட்டறைக்கு மாற முடியாது. நூல் விலை ஏறினாலோ ஆர்டர் நின்றாலோ தறி ஓடாது, கூலி இல்லை. ஆனால் தவணை நாள் மட்டும் தவறாமல் வரும். ஒரு குழு லோனை அடைக்க இன்னொரு குழுவில் வாங்கி, அதை அடைக்க வட்டிக்காரரிடம் போய் நிற்கிறவருக்கு ஆசைப்பட எங்கே நேரம்?

விற்றால் கடன் தீரும் என்பதும் பொய். 2001-ல் சென்னையில், சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து ஓர் ஆய்வு செய்தார்கள். அடுத்த ஆண்டு அது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. அவர்களில் நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கத்தான் விற்றிருந்தார்கள். ஆய்வு நடந்தபோதும் முக்கால்வாசிப் பேர் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பேசிய தொகை முழுசாகக் கைக்கு வரவில்லை. உடம்பு முன்போல் இல்லை என்று 86 சதவீதம் பேர் சொன்னார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சென்னை வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பெயர் விழுந்தது. சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் முகாமிலும் இதே கதை. ஊர்தான் மாறியது.

தறிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: பாவு சுற்றிய பீமைத் தூக்கித் தறியில் ஏற்ற இடுப்பில் எவ்வளவு வலு வேண்டும்? விலாவுக்குக் கீழே அறுத்துத் தைத்த உடம்போடு ஷிஃப்ட் முழுக்க நின்று பாருங்கள், தெரியும்.

அடுத்த கண்ணி சட்டத்தில் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறுப்பை வாங்குவது, தரகு பார்ப்பது மட்டுமல்ல, காசுக்கு விற்பதும் குற்றம். நெருங்கிய ரத்த உறவோ கணவன் மனைவியோ அல்லாதவர் கொடுத்தால், அன்பினால்தான் கொடுக்கிறார் என்று அங்கீகாரக் குழு ஒப்புதல் தர வேண்டும். புரோக்கர் உங்கள் ஆதாரைக் கேட்பது இதற்குத்தான். முன்பின் பார்த்திராத ஒருவருக்கு உங்களைச் சொந்தக்காரராகக் காட்டும் காகிதத்தில் உங்கள் கையெழுத்து விழும். குழுவின் முன் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டிப் போவார்கள். பிற்பாடு வழக்கு வந்தால் புரோக்கர் ஓடிவிடுவார். காகிதத்தில் நிற்பது உங்கள் பெயர்தான்.

என் கோபமெல்லாம் இங்கேதான். தோளில் துண்டும் தேய்ந்த செருப்புமாக வந்து நிற்கிற பள்ளிபாளையத்துக்காரர், வேறு ஊர் வசதிக்காரருக்கு அன்பினால் சிறுநீரகம் தருகிறார் என்றால் அதை நம்பி ஒப்புதல் தர ஒரு குழு எதற்கு? காகிதத்தைப் பார்த்தவர்கள் ஆளைப் பார்க்கவில்லை. உள்ளூர் புரோக்கரோடு விசாரணை நின்றுவிடக் கூடாது. முத்திரை குத்திய கை யாருடையது என்பதும் தெரிந்தாக வேண்டும்.

அதுவரை உங்களைக் காத்துக்கொள்ள நீங்கள் தெரிந்துவைக்க வேண்டியவை உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி, குழு லோன் போன்ற நுண்கடன் வசூல்காரர் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் உங்களைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டுவதும் கெட்ட வார்த்தை பேசுவதும் குற்றம். எல்லாக் கடனுக்குமான தவணையும் சேர்த்து, குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி புதுக்கடன் தரவும் கூடாது. மீறினால் ரிசர்வ் வங்கியின் 14448-க்கு அழையுங்கள். வழக்கு, நோட்டீஸ் என்று பயமுறுத்தினால் இலவசச் சட்ட உதவிக்கு 15100 இருக்கிறது. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.

ஆதார், ரேசன் கார்டு ஜெராக்ஸை யாரிடமும் சும்மா கொடுக்காதீர்கள். யாராவது இலவசமாக ‘ரத்தம் டெஸ்ட்’ எடுக்கக் கூட்டிப் போகிறேன் என்றால் போகாதீர்கள். வந்தவர் சொந்தக்காரராகவே இருந்தாலும், அன்றைக்கே வீட்டில் நாலு பேரிடம் சொல்லிவிடுங்கள்.