மூன்று முறை பிறந்த பத்திரிகை

இலங்கை முஸ்லிம்களின் பத்திரிகை வரலாறு என்றதும் மர்ஹூம் அறிஞர் சித்திலெப்பை அவர்கள் 1882இல் ஆரம்பித்த 'முஸ்லிம் நேசன்'தான் நம்மில் பலருக்கு நினைவு வரும். அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே, 1869இல், கொழும்பிலிருந்து இன்னொரு முஸ்லிம் பத்திரிகை வெளிவந்திருக்கிறது. பெயர் 'அலாமத் லங்காபுரி'. மொழி மலாய். எழுத்தோ நாம் சிறுவயதில் ஓதப் பழகிய அரபு எழுத்து. நடத்தியவர் பாபா யூனுஸ் சல்தீன் என்னும் மலாய்ப் பெரியார்.

மலாய் மக்கள் நமக்கு அந்நியரல்லர். கொம்பனித்தெருவிலும் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் நம் அடுத்த வீட்டார். நம்மோடு ஒரே ஸப்பில் நின்று தொழுபவர்கள். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து படைவீரராகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நாட்டு மக்களுள் 0.2 சதவீதத்தினர்தாம். நாம் அன்றாடம் சொல்லும் சம்பலும் சாரமும் அவர்கள் மொழி தந்தவை. நாமும் சும்மா இருக்கவில்லை! அவர்கள் வீட்டில் பேசும் மலாயில் சொற்கள் மலாய். வாக்கியம் அமையும் விதமோ பெரிதும் நம் தமிழ்போல என்கிறார்கள் மொழியியலாளர்கள்.

சல்தீனின் பத்திரிகை கல்லச்சில் வந்தது. ஈய எழுத்துக் கோக்கும் வேலை அதில் இல்லை. கையால் எழுதியதைக் கல்லில் பதித்து, மை தடவிப் படி எடுப்பார்கள். ஆகவே பத்திரிகையின் ஒவ்வொரு வரியும் ஒருவர் கைப்பட எழுதியதே. இங்குள்ள மலாய் மக்கள் இந்த எழுத்தைக் 'குண்டுல்' என்பர். மொட்டை என்று பொருள். ஸபர், ஸேர், பேஷ் எதுவும் போடாமல் எழுதுவதால் அந்தப் பெயர். ஜாவாவில் ஒல்லாந்த எழுத்தில் மலாய்ப் பத்திரிகைகள் முன்பே இருந்தன. ஆனால், அரபு எழுத்தில் சிங்கப்பூரின் புகழ்பெற்ற 'ஜாவி பெரானாக்கான்' வந்தது 1876இல்தான். கொழும்பு ஏழாண்டு முந்திக்கொண்டது.

யார் வாசித்தார்கள்? ஆங்கிலேயரின் இலங்கைத் துப்பாக்கிப் படையணியில் மலாய் வீரர்களே பெரும்பகுதியினர். படையணிப் பாடசாலையில் மலாய் எழுதவும் வாசிக்கவும் கற்றவர்கள். கிஸ்ஸாக்களையும் பாட்டுகளையும் பிரதி செய்து வைத்திருந்தவர்கள். இப்படி ஒரு வாசகர் கூட்டம் இருந்தும் பத்திரிகை ஓரிரு ஆண்டுகளில் நின்றுபோயிற்று. சிறிய சமூகத்தில் சந்தாதாரர் எத்தனை பேர் கிடைப்பர்? 1873இல் படையணியே கலைக்கப்பட்டது. வீரர்கள் பொலிஸ், சிறைச்சாலை, தோட்டம் என்று திசைக்கொருவராகப் போனார்கள்.

வேறொருவராக இருந்தால் கைகழுவியிருப்பார். சல்தீன் 1877இல் அதே பெயரில் மீண்டும் தொடங்கினார். அதுவும் நீடிக்கவில்லை. 1895இல் மூன்றாம் முறை, 'வஜஹ் ஸெலோங்' என்ற புதுப் பெயரில். நட்டம் தெரிந்தே இறங்கிய பிடிவாதம் இது என்றே எனக்குத் தோன்றுகிறது. 1905இல் வெளியான தம் செய்யுள் நூலில், மதுராத் தீவின் சுமெனெப்பிலிருந்து தம் மூதாதையர் இங்கு வந்த செய்தியைச் சொல்லிவைத்தார். (நம் மதுரையல்ல, இது ஜாவாவுக்குப் பக்கத்துத் தீவு.)

அடுத்த தலைமுறை ஆங்கிலத்தால் உயர்ந்தது. பொலிஸ்காரர் ஒருவரின் மகனாக 1890இல் பிறந்த மர்ஹூம் ரீ. பி. ஜாயா அவர்களை அறியாதவர் யார்? 1921 முதல் 1948 வரை ஸாஹிராக் கல்லூரியின் அதிபர், 1947இல் அமைச்சர், பின்னர் பாகிஸ்தானுக்கான முதல் உயர்ஸ்தானிகர், 1960இல் மதீனாவில் வபாத்தானவர். நம் ஆண்பிள்ளைகளின் கல்விக்கு அந்தச் சிறு சமூகம் தந்த கொடை அவர். ஆனால் அதே காலத்தில் வீடுகளில் குண்டுல் வாசிப்பவர் குறைந்துகொண்டே வந்தனர். பாட்டனார் வாசித்த பத்திரிகை பேரப்பிள்ளைக்கு வெறும் புள்ளியும் கோடுமாயிற்று.

1970களில் பேராசிரியர் பீ. ஏ. ஹுஸைன்மியா மலாய் வீடுகளுக்குச் சென்று பழைய ஏடுகளைத் தேடியிராவிட்டால் இவற்றுட் பல நமக்குத் தெரியாமலே போயிருக்கும். அண்மைக் காலத்தில் ஆய்வாளர் ரொனிட் ரிச்சி, பிரித்தானிய நூலகத்தின் திட்டமொன்றின் கீழ், குடும்பங்களிடமுள்ள ஏடுகளைக் கணினிப் படங்களாக்கினார். ஏடுகளோ பெரும்பாலும் வீட்டாரிடமே இருக்கின்றன.

இங்கேதான் சகோதரிகளே, ஒரு சிக்கல். அரபு எழுத்துள்ள பழந்தாளைக் காலில் படாதபடி மண்ணில் புதைப்பதும் தண்ணீரில் விடுவதும் நம் வீடுகளில் வழக்கம். பெட்டி துப்புரவாக்குவது பெண்கள்தாமே! புதைக்குமுன் ஒருதரம் உற்றுப் பாருங்கள். ஃபே என்ற எழுத்தின் மீதோ ஐன் மீதோ மூன்று புள்ளிகள் தென்பட்டால் அது குர்ஆன் தாளன்று. அந்த எழுத்துகள் அரபியில் இல்லை. மலாயாக இருக்கக்கூடும்.