நீர்க்கடுப்புக்குக் குங்கிலியம் சாப்பிடலாமா?

கோடை வந்துவிட்டால் காத்திவாக்கத்தில் ஜும்ஆ முடிந்ததும் நம்மிடம் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. குங்கிலியம் மரப்பிசின். சித்த மருத்துவர்கள் அதை இளநீரில் பக்குவப்படுத்தி, குங்கிலிய பற்பமாக நீரெரிச்சலுக்குக் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் புகை போடக் கடையில் வாங்கும் குங்கிலியம் சுத்தி செய்யாதது. அதைப் பொடித்து விழுங்கக் கூடாது. (சாம்பிராணியும் அப்படியே.)

மருத்துவம் அறியாமல் வைத்தியம் செய்பவர் அதன் தீங்குக்குப் பொறுப்பாளி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி அபூதாவூதில் உள்ளது. நாமும் மருத்துவரல்லர். காய்ச்சல், சிறுநீரில் இரத்தம், விலாவலி இருந்தாலோ, கர்ப்பிணிக்கு என்றாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். யூனானி விரும்புவோருக்கு ராயபுரத்திலேயே மத்திய அரசின் யூனானி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

நீர்ச்சொட்டு நிற்காத பெரியவர்கள் வெட்கப்பட்டுத் தொழுகையை விட வேண்டாம். வக்து வந்தபின் சுத்தம் செய்து, புதிதாக உளூ செய்து தொழலாம்.